கண்ணீர் வரவழைக்கும் படத்தை நோயாளி பார்க்கலாமா?

உள்நோயாளிப் பிரிவுகளில் உடனிருப்போர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகளுள் ஒன்று மருந்தைப் பற்றியதும் அன்று, உணவைப் பற்றியதும் அன்று, தொலைக்காட்சியைப் பற்றியது. "அப்பா பழைய படம் பார்த்து அழுகிறார், அணைத்துவிடலாமா?" என்பார்கள். கேளாமலே வேறு அலைவரிசைக்கு மாற்றிவிடுவோரும் உண்டு. அழுதால் நோய் கூடிவிடும் என்ற அச்சமும், நோயறையில் கண்ணீர் சிந்துவது அபசகுனம் என்ற எண்ணமும் இதற்குக் காரணம். பெரும்பாலான வேளைகளில் அணைக்கத் தேவையில்லை என்பதே எங்கள் மறுமொழி. அதற்கான காரணங்களையும், எச்சரிக்கை வேண்டிய இடங்களையும் இங்கே விளக்குகிறோம்.

கண்ணீர் மூவகைப்படும். கண்ணின் மேற்பரப்பை எந்நேரமும் ஈரமாக வைத்திருப்பது ஒன்று. வெங்காய நெடியோ தூசியோ பட்டவுடன் அதைக் கழுவச் சுரப்பது மற்றொன்று. துயரத்தாலும் நெகிழ்ச்சியாலும் பெருகுவது மூன்றாவது. இதற்கான ஆணை, மூளையில் உணர்ச்சிகளைக் கையாளும் பகுதிகளிலிருந்து பிறக்கிறது. பெருகிய நீரில் ஒரு பகுதி இமையோரத்துச் சிறு துளைகளின் வழியே மூக்கினுள் வடியும். அழும்போது மூக்கு ஒழுகுவது இதனால்தான். சளி பிடித்துவிட்டதோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

அழுகை உடலின் நச்சுப் பொருள்களை வெளியேற்றுகிறது என்று பலர் கூறக் கேட்டிருப்பீர்கள். 1980களின் தொடக்கத்தில் வில்லியம் ஃபிரே என்னும் அமெரிக்க உயிர்வேதியியலாளர், சோகப் படம் பார்த்தோரின் கண்ணீரையும் வெங்காயத்தால் வந்த கண்ணீரையும் ஒப்பிட்டு, முன்னதில் புரதம் மிகுந்திருப்பதாகக் கண்டார். அதிலிருந்து கிளைத்த பேச்சு இது. நச்சு வெளியேறுகிறது என்பது நிறுவப்படவில்லை. அவ்வேலையைச் சிறுநீரகங்களும் கல்லீரலும் பார்த்துக்கொள்கின்றன. அழுகையால் பயன் உண்டென்றால் அதனை வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் ஒருவரை அழவைப்பது எளிதன்று. அதனால் உளவியல் ஆய்வாளர்கள் திரைப்படங்களை நாடினர். ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் ஆகிய இருவரும் பல படங்களின் துண்டுக் காட்சிகளைச் சோதித்து, எந்த உணர்ச்சியை எது தவறாமல் எழுப்புகிறது என்று 1995இல் பட்டியலிட்டனர். சோகத்திற்கு அவர்கள் தேர்ந்தவற்றுள் ஒன்று, 1979இல் வந்த 'தி சாம்ப்' என்னும் படத்தின் இறுதிக் காட்சி. குத்துச்சண்டை வீரரான தந்தை இறந்து கிடக்க, சிறுவன் அவரை எழுப்ப முயன்று கதறுகிறான். மூன்று நிமிடத்துக்கும் குறைவான காட்சி. அச்சிறுவன் யாரென்று பார்ப்போருக்குத் தெரியாது. அவன் நடிக்கிறான் என்பது மட்டும் நன்கு தெரியும். இருந்தும் கண் கலங்குகிறது.

நோயறையில் உள்ளோருக்கு இந்த அயன்மையே உதவியாகிறது. திரையில் நிகழும் துயரம் நம்முடையதன்று. அதற்காக நாம் படிவத்தில் கையொப்பமிட வேண்டியதில்லை, உறவினருக்குத் தொலைபேசியில் விளக்க வேண்டியதில்லை, முகத்தைச் சீராக வைத்துக்கொள்ள வேண்டியதுமில்லை. கணவரின் சிகிச்சைக்காக மாதக் கணக்கில் கலங்காது அலைந்த ஒருவர், 'பாசமலர்' (1961) படத்தின் இறுதியில் அண்ணனும் தங்கையும் மடியும்போது உடைந்து போவதில் வியப்பில்லை. அழுவது ராதாவுக்காக மட்டுமன்று. அதனைப் பக்கத்துக் கட்டிலில் இருப்போரிடம் விளக்க வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை: படம் பார்த்து அழுதேன் என்றால் போதும்.

அழுதால் மனம் லேசாகும் என்பது எந்த அளவுக்கு உண்மை? நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு நேரான விடை தருகிறது. 60 பேருக்கு 'லைஃப் இஸ் பியூட்டிஃபுல்', 'ஹாச்சி' ஆகிய படங்கள் காட்டப்பட்டன. 28 பேர் அழுதனர், 32 பேர் அழவில்லை. படம் முடிந்தவுடன் அழாதோரின் மனநிலையில் மாற்றமில்லை; அழுதோரின் மனநிலையோ தாழ்ந்திருந்தது. 20 நிமிடத்தில் அது பழைய நிலைக்குத் திரும்பியது. 90 நிமிடம் கழித்துக் கேட்டபோது, படம் பார்க்கத் தொடங்கியபோது இருந்ததைவிட மேம்பட்டிருந்தது.

இது சிறிய ஆய்வு, மருத்துவமனையில் நடந்ததும் அன்று. எனவே அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் காலவரிசை கவனிக்கத்தக்கது. உடனிருப்போர் காண்பது பெரும்பாலும் அந்த முதல் 20 நிமிடத்தை. அதைக் கண்டு அஞ்சியே தொலைக்காட்சியை அணைக்கின்றனர். பாதியில் அணைத்தால் கதையின் துயரம் மட்டும் எஞ்சும், தணிவு வராது. ஆகவே சோகப் படத்தை இரவு உறங்கப்போகும் நேரத்தில் தொடங்காமல் மாலையில் தொடங்குவது நல்லது. முடிந்தபின் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடாமல் சற்று நேரம் உடன் அமருங்கள். பேசித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

உடன் அமர்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ராபின் டன்பார் குழுவினர், வீடற்று வாழ்ந்த ஒருவரின் துயரக் கதையைச் சொல்லும் படத்தைப் பலருக்கு ஒன்றாகக் காட்டினர். படத்திற்கு முன்னும் பின்னும், சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியின்றி அமர்ந்த நிலையில் ஒருவர் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறார் என்று அளந்தனர். படத்தால் நெகிழ்ந்தோருக்கு வலியைத் தாங்கும் ஆற்றல் கூடியிருந்தது. உடன் பார்த்தோரிடம் நெருக்க உணர்வும் கூடியிருந்தது. 2016இல் வெளியான இம்முடிவுக்கு, உடலிலேயே சுரக்கும் எண்டார்ஃபின்கள் காரணமாகலாம் என்று அவர்கள் கருதினர். இதைப் படித்துவிட்டு வலிமருந்தை நிறுத்தச் சொல்லி யாரும் வர வேண்டாம்.

தமிழ்ப் படங்களில் மருத்துவமனையே களமான சோகக் கதைகள் உண்டு. கே. பாலசந்தர் தம் நாடகத்தையே படமாக்கி முதன்முதலாக இயக்கிய 'நீர்க்குமிழி' (1965) அத்தகையது. அதில் நாகேஷ் நோயாளி. அதற்கும் முந்தையது ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962). புற்றுநோயாளியான கணவர் வேணு, அவர் மனைவி சீதா, அவளை முன்பு காதலித்த மருத்துவர் முரளி என மூவருக்குள் நிகழும் கதை. தான் இறந்தால் மருத்துவரை மணந்துகொள்ளுமாறு வேணு மனைவியிடம் கூறும் இடத்தில் கண் கலங்காதோர் அரியர். நோயாளி பிழைக்கிறார், அவரைக் காக்கத் தம்மையே வருத்திக்கொண்ட மருத்துவர் மடிகிறார். நோயாளி தம் இறப்பைப் பற்றி வாய்விட்டுப் பேச முயல்வதும், கேட்பவர் அதைத் தாங்கமாட்டாமல் தவிப்பதும் எங்கள் வார்டுகளில் இன்றும் நாங்கள் காண்பவை. படத்தைப் பார்த்த பிறகு, "அந்த வேணு சொன்னது சரியா?" என்று கேட்டு, அதன் வழியே தங்கள் கவலையைத் தொடும் குடும்பங்கள் உண்டு. தங்களைப் பற்றி நேராகப் பேசுவதைவிட வேணுவைப் பற்றிப் பேசுவது எளிது.

பராமரிப்போரின் துயரைச் சொன்ன படம் 'மூன்றாம் பிறை' (1982). விபத்தில் நினைவிழந்து குழந்தைபோல் ஆன விஜியைச் சீனு காக்கிறான். நினைவு மீண்டதும் அவளுக்கு அவனைத் தெரியவில்லை. மழையில் நனைந்தபடி ரயில் நிலையத்தில் அவன் தன்னை நினைவூட்ட முயலும் இறுதிக் காட்சியை அறியாதோர் குறைவு. கமல்ஹாசனுக்கு இப்படம் தேசிய விருதைப் பெற்றுத்தந்தது. மருத்துவ நோக்கில் இக்கதை நடவாதது: தலைக்காயத்தால் நினைவிழந்தோர் இப்படிக் குழந்தையாக மாறுவதில்லை, ஒரே நாளில் குணமடைவதும் இல்லை. ஆயினும் மறதிநோய் கண்ட தாயைப் பேணும் மகள், ஒரு காலையில் "நீ யாரம்மா?" என்று கேட்கப்படும்போது உணர்வதும் இதே துயரம்தான். அவர் இப்படத்தைப் பார்த்து அழுதால் தடுக்காதீர்கள்.

இனி, நாங்கள் தயக்கத்தோடு பரிந்துரைக்கும் வகை. 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' ஆகிய 1982ஆம் ஆண்டுப் படங்களைப் போல, நாயகனுக்குப் புற்றுநோய் என்றாலே முடிவு மரணம் என்று வைத்த கதைகள் பல. அவை நன்றாகவே அழவைத்தன. நோயைப் பற்றித் தவறாகவும் கற்பித்தன. இரத்தப் புற்றுநோயில் பல வகைகள் உள்ளன. நாட்பட்ட மைலாய்டு வகைக்கு 2001இல் இமாட்டினிப் மாத்திரை வந்தபின், முறையாக மருந்துண்போர் பலர் ஏறக்குறைய இயல்பான ஆயுளோடு வாழ்கின்றனர். குழந்தைகளுக்கு வரும் கடும் லிம்போசைட்டு வகையில், வளர்ந்த நாடுகளில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குப் பிழைக்கின்றனர். நோய் இன்னதென்று அண்மையில் அறிந்த ஒருவருக்கு, சிகிச்சைத் திட்டம் தெளிவாகும் முன் இப்படங்களைக் காட்ட வேண்டாம். தாமே விரும்பிக் கேட்டால், நோயாளி எந்த வகையைச் சேர்ந்தவர், அவருக்குள்ள வாய்ப்பு என்ன என்பதை முதலில் மருத்துவரிடம் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

எல்லா அழுகையும் படத்தால் வருவதன்று. இரண்டு வாரத்திற்கு மேல் பெரும்பாலான நாள்களில் அழுகை, எதிலும் நாட்டமின்மை, உறக்கமின்மை, வாழ்ந்து பயனில்லை என்ற பேச்சு ஆகியவை காணப்பட்டால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடமோ செவிலியரிடமோ கூறுங்கள். மனச்சோர்வு உள்ளோருக்கு அழுதபின் ஆறுதல் கிட்டாமலும் போகலாம். உடனிருப்போருக்கும் இது பொருந்தும். அவர்கள் எங்கள் நோயாளிகளாக இருக்க வேண்டும் என்பதில்லை.

பக்கவாதம் வந்தோர் சிலர் நகைச்சுவைக் காட்சியிலும் திடீரென அழுவர், சில நொடிகளில் நிறுத்துவர். உணர்ச்சி வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்தும் மூளைப் பாதைகள் பழுதுபட்டதால் வருவது அது. உள்ளே அத்தனை துயரம் இருப்பதாகப் பொருளன்று. "ஏன் அழுகிறீர்கள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்பது அவர்களை மேலும் கூசவைக்கும். பேச்சை வேறு பக்கம் திருப்பினால் பெரும்பாலும் தணியும். தணியாதபோது மருந்து உண்டு.

வயிற்றிலோ மார்பிலோ அறுவை சிகிச்சை முடிந்து தையல் ஆறாதவர்கள், விம்மல் வரும்போது சிறு தலையணையைத் தையலின் மேல் மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டால் இழுப்பு குறையும். கண் அறுவை செய்துகொண்டோர் கண்ணைக் கசக்காமல், கன்னத்தில் வழிந்த நீரை மட்டும் தூய துணியால் ஒற்றி எடுக்கலாம். விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு அழுகையின் நடுவே உணவு ஊட்டாதீர்கள்; கஞ்சி ஆறினாலும் பரவாயில்லை, மூச்சு சீரானபின் ஊட்டுங்கள்.