விண்கல இயக்கத்துக்கு ஒரு பொதுத் திட்டமொழி

செவ்வாயைச் சுற்றிவரும் ‘மார்ஸ் எக்ஸ்பிரஸ்’ விண்கலத்தின் கேமராக்கள் ஒரு பக்கத்திலும், பூமியோடு பேசும் பெரிய ஆன்டெனா வேறொரு பக்கத்திலும் அசையாதபடி பொருத்தப்பட்டுள்ளன. படம் எடுக்க வேண்டுமானால் கலம் முழுவதும் செவ்வாயை நோக்கித் திரும்ப வேண்டும். எடுத்ததை அனுப்பப் பூமியை நோக்கித் திரும்ப வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. பூமியிலிருந்து புறப்படும் கட்டளை செவ்வாயை அடைய, கோள்களின் நிலையைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடங்கள் பிடிக்கும் என்பதால் உடனுக்குடன் ஓட்டுவதும் இயலாது. எந்தக் கருவி எப்போது இயங்கும், பேட்டரி தாங்குமா, நினைவகம் நிரம்பிவிடுமா, எந்தத் தரைநிலையம் எப்போது கேட்கும் என்பதையெல்லாம் முன்கூட்டியே வகுத்துக் கட்டளைகளாக ஏற்றிவிட வேண்டும். இதுவே இயக்கத் திட்டமிடல்.

இந்த வேலை பல கைகள் மாறுகிறது. கருவிகளை உருவாக்கிய ஆய்வுக் குழுக்கள் அவதானிப்புகளைக் கோருகின்றன. மாட்ரிட் அருகே உள்ள ஐரோப்பிய அறிவியல் மையம் அவற்றைத் தொகுக்கிறது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரிலுள்ள கட்டுப்பாட்டு மையம் கலத்துக்கு ஆபத்தில்லை என உறுதிசெய்து அனுப்புகிறது. நினைவகத்தில் சேர்ந்த தரவு, புதுத் தரவு வந்து விழுந்து அழிவதற்குள் பூமிக்கு இறக்கப்பட வேண்டும். ஆட்கள் கையால் போட்டுவந்த இந்தத் தரவிறக்க அட்டவணையை வகுக்க, ‘மெக்ஸார்2’ என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருளை இத்தாலிய ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள்.

ஒவ்வொரு பயணத்துக்கும் திட்டமிடல் முறையைப் புதிதாகக் கட்டுவது பணத்தையும் காலத்தையும் விழுங்கும். ரொசெட்டா, மார்ஸ் எக்ஸ்பிரஸ், வீனஸ் எக்ஸ்பிரஸ் மூன்றையும் உறவுக் கலங்களாகவே ஐரோப்பிய விண்வெளி முகமை நடத்தியது. முந்தையதற்குச் செய்த வேலை பிந்தையதற்கும் உதவியது. ஆனால் இது ஒரே முகமைக்குள் கிடைத்த வசதி. ஒரு நாட்டின் கலத்தில் இன்னொரு நாட்டின் கருவியும், அதன் தரவை வாங்க மூன்றாவது நாட்டின் ஆன்டெனாவும் சேரும்போது, திட்டங்களைப் பரிமாறிக்கொள்ளப் பொதுவான வடிவம் வேண்டும். எடுத்துக்காட்டாக, 2023இல் சந்திரயான்-3 நிலவுக்குச் சென்றபோது, இஸ்ரோவின் ஆன்டெனாக்களோடு ஐரோப்பிய, அமெரிக்கத் தரைநிலையங்களும் துணைநின்றன.

1982இல் விண்வெளி முகமைகள் கூடி அமைத்த ‘விண்வெளித் தரவு அமைப்புகளுக்கான ஆலோசனைக் குழு’, தொலை அளவீட்டுத் தரவை அனுப்பும் முறைக்கு முதலில் பொதுத் தரம் வகுத்தது. பின்னர் திட்டமிடலையும் எடுத்துக்கொண்டது. அது எல்லோருக்கும் ஒரே மென்பொருளைத் திணிக்க முயலவில்லை. கோரிக்கை, செயல், நிகழ்வு, வளம், கட்டுப்பாடு, திட்டம் ஆகியவற்றை எப்படி விவரிப்பது, கோரிக்கை ஏற்கப்பட்டதா மறுக்கப்பட்டதா என்பதை எப்படித் திருப்பிச் சொல்வது என்பவற்றையே பொதுவாக்க முனைகிறது. கணக்கிடும் முறை அவரவர் விருப்பம். இதுவே சரியான வழி. வால்மீனைத் துரத்தும் கலத்துக்கும் வானிலைச் செயற்கைக்கோளுக்கும் ஒரே கணக்கு பொருந்தாது.

இந்தப் பொதுத் தரத்துக்கு நடைமுறைத் தடை கலங்களின் நீண்ட ஆயுள்தான். ஒரு செவ்வாய் ஆண்டுக்கு, அதாவது 687 நாளுக்கு என 2003இல் ஏவப்பட்ட மார்ஸ் எக்ஸ்பிரஸ் இருபது ஆண்டு கடந்தும் உழைத்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கலத்தின் திட்டமிடல் முறையை நடுவில் மாற்ற எந்தக் குழுவும் துணியாது, துணியவும் கூடாது. பொதுத் தரம் பயன்தர வேண்டுமானால், புதிய கலத்தின் வடிவமைப்பு தொடங்கும்போதே அதை ஏற்றாக வேண்டும்.