டி மான்டியின் வாரிசு யார்?

2015-இல் ‘டிமான்ட்டி காலனி’ படம் வந்தாலும் வந்தது, ஆழ்வார்ப்பேட்டையில் அதே பெயருள்ள சின்னத் தெருவுக்கு ராத்திரியில் பேய் தேடி வருகிற கூட்டம் கூடிப்போனது. டி மான்டியின் மனைவிக்குச் சித்தம் கலங்கியது, மகன் அகாலமாகச் செத்தான், வம்சமே நாசமானது என்று ஆளுக்கொரு கதை. அந்தப் பெயருக்குரிய ஆள் விட்டுப்போன காகிதத்தைத் தேடியவர்கள் குறைவு.

ஜான் டி மான்டி போர்த்துகீசிய வழிவந்த வணிகர். ஆர்பத்நாட், டி மான்டி அண்டு கம்பெனி என்று பங்காளிகளில் ஒருவராகப் பலகையில் பெயர் ஏறும் அளவுக்குச் சம்பாதித்தவர். 1821-இல் இறந்தார். கோவளத்தில் தாமே கட்டிய கார்மேல் மாதா கோயிலில் அடக்கமானார். சொத்துகளை மயிலாப்பூர் மறைமாவட்டத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார்.

இப்படிப்பட்ட குடும்பங்களின் கொடிவழியை எங்கே தேடுவது? இன்று வீடு வாங்குகிறவர் தாய்ப் பத்திரம் கேட்பார், வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். கட்டாயப் பத்திரப்பதிவுச் சட்டம் வந்ததே 1864-இல்தான். அதற்கு முந்திய மனை யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதற்கு நீதிமன்றக் கட்டுகளைத்தான் புரட்ட வேண்டும். முதலில் மேயர் நீதிமன்றம், 1798-இல் ரெக்கார்டர் கோர்ட், 1801-இலிருந்து சுப்ரீம் கோர்ட், 1862-இல் ஐகோர்ட். உயில்கள் மெய்ப்பிக்கப்பட்டது இவற்றில்தான். அந்த உயில்களின் நகல்கள் லண்டனுக்கும் போயின. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. கூடவே ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905-இல் தொகுத்த கல்லறைக் கல்வெட்டுப் பட்டியலையும் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

உயிலில் பெருமையும் இருக்கும், குற்றவுணர்வும் இருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் பலர் ஊர்ப் பெண்ணுக்கு மாதப்படி எழுதிவைத்திருப்பார்கள். அவளுக்கு முழுப்பெயர்கூட இருக்காது. அவள் பெற்ற பிள்ளைக்கு ஒரு தொகை ஒதுக்கியிருக்கும். சீமையில் அச்சான குடும்ப வரலாற்றில் இந்தப் பிள்ளையை வலைவீசித் தேடினாலும் அகப்பட மாட்டான்.

கிரயப் பத்திரமோ பிள்ளைகுட்டிகளைப் பற்றி அதிகம் பேசாது; நான்கெல்லை சொல்லும். வடக்கே இன்னார் தோட்டம், தெற்கே இன்னார் வீடு, கிழக்கே வழிநடைப் பாதை. பக்கத்து மனைப் பத்திரத்தில் எல்லையாக வருகிற பெயர் மாறுகிறதா? அந்த இடைவெளியில் ஒரு சாவோ ஒரு விற்பனையோ நடந்திருக்கிறது. தன் பத்திரம் தொலைந்துபோன குடும்பத்தைக்கூட அண்டைவீட்டுப் பத்திரம் காட்டிக்கொடுக்கும்.

டி மான்டிக்கு நேரெதிர் ஜார்ஜ் மௌப்ரே. 1771-இல் கம்பெனிக் கணக்கராக வந்து அடையாற்றின் கரையில் நூறு ஏக்கருக்கு மேல் தோட்டம் போட்டு, குவிமாடம் வைத்து மாளிகை கட்டியவர். அந்தத் தோட்டம் கைமாறிக் கைமாறி ஆர்பத்நாட் கம்பெனி வரைக்கும் வந்தது. ஆம், டி மான்டியின் பெயரைப் பலகையில் தாங்கிய அதே கம்பெனிதான். 1906-இல் அது திவாலாகி ஊரையே அழவைத்தது. மாளிகை அதற்கு முன்பே அடையாறு கிளப் ஆகியிருந்தது. 1963-இல் அந்த கிளப் மெட்ராஸ் கிளப்போடு சேர்ந்தது. மௌப்ரேஸ் ரோடு டி.டி.கே. சாலையாகிவிட்டது. விற்கிற சொத்தில் விற்றவன் பெயர் அதிக நாள் நிற்பதில்லை. உயிலாகத் திருச்சபைக்குப் போனது சிதறவில்லை. அதனால்தான் இருநூறு வருஷம் கழித்தும் ஆழ்வார்ப்பேட்டையில் டி மான்டி பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

டி மான்டியின் வாரிசுக்கும் ஒரு கொடிவழி உண்டு. 1606-இல் போர்த்துகல் மன்னரின் ஆதரவில் பிறந்த மயிலாப்பூர் மறைமாவட்டம், 1952-இல் மெட்ராஸ் உயர்மறைமாவட்டத்தோடு இணைந்து சென்னை-மயிலை உயர்மறைமாவட்டமானது. ரத்த வாரிசாக இருந்திருந்தால் மூன்றாம் தலைமுறையில் பாகப்பிரிவினை வழக்குப் போட்டிருக்கும்!

அடுத்த வாரம் சைதாப்பேட்டை. 1726-இல் அடையாற்றுக்கு மேல் மர்மலாங் பாலம் கட்டி, அதைப் பராமரிக்கவும் பணம் ஒதுக்கிய ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கானின் உயிலைப் பிரிக்கலாம். உடல் வேப்பேரியில் இருக்கட்டும், இதயம் மட்டும் பாரசீகத்து ஜுல்பாவுக்குப் போகட்டும் என்றவர் அவர்.

(தொடரும்)