எல்லையோரத் தமிழரின் பேச்சும் எண்ணமும் கனவும்: பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களை முன்னிறுத்தி ஒரு மொழியியல் நோக்கு

1. முன்னுரை

இருமொழியாளரை நோக்கிப் பலரும் எழுப்பும் வினா ஒன்றுண்டு. "நீங்கள் எந்த மொழியில் சிந்திக்கிறீர்கள்? எந்த மொழியில் கனவு காண்கிறீர்கள்?" என்பதே அது. ஒருவருடைய உண்மையான மொழி எது என்பதை இவ்வினாவின் விடை காட்டிவிடும் என்ற நம்பிக்கை இதன் பின்னே உள்ளது. கேரள மாநிலத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழக எல்லையை ஒட்டி வாழும் தமிழரிடம் இவ்வினாவுக்கு ஒற்றைச் சொல்லில் விடை கிடைப்பது அரிது. வீட்டில் ஒரு மொழி, அலுவலகத்தில் ஒரு மொழி, படிவத்தில் வேறொரு மொழி என்ற நிலையில் வாழ்வோர்க்குத் தயக்கமே நேர்மையான விடையாக அமைகின்றது.

இத்தயக்கத்தை மொழிச்சிதைவின் அறிகுறியாகக் கொள்வாரும் உளர். அவ்வாறு கொள்வது பொருந்தாது என்பதும், எல்லையோரத் தமிழில் எது கலக்கின்றது, எது கலவாது நிற்கின்றது என்பதை நுணுகி நோக்கினால் அங்கே ஓர் ஒழுங்கு புலப்படும் என்பதும் இக்கட்டுரையின் கருத்துகள். இது புதிய கள ஆய்வின் புள்ளிவிவரங்களைத் தருவதன்று. மொழியியலார் அறிந்த இலக்கணக் கூறுகளைக் கொண்டு மேற்கண்ட வினாவையே மறுபரிசீலனை செய்வதாகும்.

2. நிலமும் வரலாறும்

பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரும் இடைவெளியாகும். கோவைச் சமவெளியின் பேச்சும் வணிகமும் இதன் வழியே தடையின்றிச் சென்று வந்தன. பாலக்காடு 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அதனை அடுத்த சித்தூர்ப் பகுதியோ கொச்சி அரசுக்கு உரியதாக இருந்தது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் முதலிய ஊர்களில் வழங்குவது பெரும்பாலும் கொங்குத் தமிழின் தொடர்ச்சியே. கல்பாத்தி போன்ற அக்கிரகாரங்களில் வழங்கும் அந்தணர் தமிழ் இதனின் வேறானது.

இடுக்கியின் வரலாறு மற்றொரு வகையினது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தவை. 1877ஆம் ஆண்டு ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாற்று அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றதன் பின் தோட்டத்தொழில் வளர்ந்தது. கங்காணிகள் வழியாக மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955ஆம் ஆண்டு அளித்த அறிக்கையின் அடிப்படையில் இவ்விரு வட்டங்களும் கேரளத்தில் அமைந்தன. இடுக்கி மாவட்டம் 1972 ஜனவரி 26 அன்று உருவாயிற்று.

ஆகவே ஒரே மாநில எல்லையில் தோற்றத்தால் வேறுபட்ட இரு தமிழ்கள் மலையாளத்தை எதிர்கொள்கின்றன. ஒன்று எல்லைக்கோடு வருமுன்பே அந்நிலத்தில் வழங்கியது. மற்றொன்று உழைப்பைத் தேடி மலையேறியது. முதுவர், மன்னான், இருளர் ஆகியோரின் பேச்சு வழக்குகள் தனி ஆய்வுக்குரியவை ஆதலின் இங்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை.

3. ஒலிப்புச் சாயல்

தமிழிலிருந்து மலையாளம் வேறுபடும் நெறிகளை ஏ. ஆர். இராஜராஜ வர்மா தம் கேரள பாணினீயத்தில் (1896, திருத்திய பதிப்பு 1917) ஆறு நயங்களாக வகுத்தார். அவற்றுள் மூக்கொலியின் மிகுதி, வினையில் இட வேறுபாடு நீங்குதல் ஆகிய இரண்டும் நம் பொருளுக்கு இன்றியமையாதவை. வரலாற்று மாற்றங்களாக அவர் கண்டவை எல்லையோர இருமொழியாளரின் நாவில் அன்றாட மாற்று விதிகளாக இயங்குகின்றன:

(1) வந்து : வந்நு
(2) மாங்காய் : மாங்ங
(3) தலை : தல

இவ்விதிகளை எவரும் கற்பிப்பதில்லை. எனினும் ஒரு சொல்லை ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் வழி குழந்தைக்குத் தெரிந்துவிடுகின்றது.

சாயல் வெளிப்படும் இடங்கள் வேறு. பேச்சுத் தமிழில் 'அவன்', 'மரம்' போன்ற சொற்களின் ஈற்று மூக்கொலி மறைந்து, அதன் முன்னுள்ள உயிர் மூக்கினச் சாயல் பெறும். மலையாளத்தில் அவ்வீற்று மெய் முழுமையாக ஒலிக்கும். தமிழர் பேசும் மலையாளத்தை ஒரு தொடரிலேயே இனங்கண்டுகொள்ள இதுவும் ஒரு காரணம். தென்மாவட்டத் தமிழில் ழகரம் ளகரத்தோடு ஒன்றுவது யாவரும் அறிந்தது. மலையாளத்தில் ழகரம் நிலைபெற்றுள்ளது. எனவே தோட்டப் பகுதியில் வளரும் ஒரு குழந்தை வீட்டில் 'மளை' என்றும், மலையாள வகுப்பில் ழகரம் திகழ 'மழ' என்றும் சொல்ல இடமுண்டு. அக்குழந்தைக்கு ழகரம் வராது என்று யாரும் கூற இயலாது. எந்த ஒலியை எவரிடம் பயன்படுத்துவது என்பதே அங்கு வினா. சாயல் என்பது நாவின் இயலாமையன்று, உறவின் அடையாளம்.

சாயல் ஒருவழிப் பாதையுமன்று. 'கொழுந்து' என்னும் சொல் தோட்டத் தொழிலாளர் நாவில் 'கொளுந்து' ஆயிற்று. ழகரத்தைப் பேணும் மலையாளமும் தேயிலையைக் குறிக்கும்போது 'கொளுந்து' என்றே எழுதுகின்றது. தொழிலோடு தொழிலாளியின் ஒலிப்பும் சேர்ந்து கடன் வாங்கப்பட்டதற்கு இது நல்ல சான்று.

4. கலக்கும் சொல்லும் நிலைக்கும் விகுதியும்

பாலக்காட்டு அந்தணர் தமிழில் 'ஓர்மை' (நினைவு), 'வெறுதே' (சும்மா), 'மனசிலாச்சு' (புரிந்தது) போன்ற வழக்குகள் இயல்பாக வருகின்றன. "இது எங்க வீடாக்கும்" என்பதிலுள்ள 'ஆக்கும்', "இது ஞங்ஙளுடெ வீடாணு" என்னும் மலையாளத் தொடரின் 'ஆணு' நிற்கும் இடத்தில் நிற்பதும் நோக்கத்தக்கது. இவ்வளவு கலந்த பின்னும் ஒன்று கலக்கவில்லை. 'போனேன், போனான், போனா, போனார்' என்னும் வினைமுற்று விகுதிகள் அப்படியே நிலைத்துள்ளன. 'போயி' என்ற ஒரே வடிவால் எல்லா இடத்தையும் பாலையும் உணர்த்தும் மலையாள முறை தமிழ்ப் பேச்சினுள் புகவில்லை.

மகாராட்டிரத்துக் குப்வார் என்னும் சிற்றூரைப் பற்றிக் கம்பர்சும் வில்சனும் 1971இல் வெளியிட்ட ஆய்வு இதனோடு ஒப்பிடத்தக்கது. அங்குக் கன்னடம், மராத்தி, உருது ஆகியவற்றின் சொற்கள் வேறாகவே நிற்க, தொடரமைப்புகள் நெருங்கி ஒன்றாயின. பாலக்காட்டில் நிலைமை ஏறத்தாழ மறுதலை எனலாம்: சொல் எல்லையைக் கடக்கின்றது, விகுதி கடப்பதில்லை. தமிழ் வினைமுற்று செய்தவர் யார், அவரிடம் பேசுவோர்க்குள்ள மதிப்பு எத்தகையது என்பவற்றைத் தன்னுள் கொண்டது. அதனை இழப்பது உறவைச் சொல்லும் கருவியை இழப்பதாகும். கொங்குத் தமிழின் 'போறனுங்க' என்பதிலுள்ள 'ங்க' என்னும் மரியாதை ஒட்டும் இத்தகையதே. கேரளத்தின் பல பகுதிகளில் மூத்தோரை 'நிங்ஙள்' என விளிப்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும். பெயரோ உறவுச்சொல்லோ பதவிப்பெயரோ கொண்டு விளிப்பர். தமிழர் தம் 'நீங்க'ளை அப்படியே 'நிங்ஙள்' ஆக்கும்போது பணிவாகச் சொல்ல எண்ணியது துடுக்காகச் சென்று சேர்தலும் உண்டு.

2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டப் பெண்கள் நடத்திய போராட்டம் 'பெம்பிளை ஒருமை' என்னும் பெயரால் நாடெங்கும் அறியப்பட்டது. மலையாளத்தில் 'ஒரும' என்பது ஒற்றுமை. இலக்கணம் பயின்ற தமிழர்க்கு 'ஒருமை' என்றவுடன் எண்ணே நினைவுக்கு வரும். இப்பெயரில் சொற்பொருள் மலையாள வழக்கை ஒட்டியது. 'ஐ' என்னும் ஈறோ தமிழுக்குரியது. மலையாள ஏடுகளும் அவ்வீற்றை நீக்காமலே அச்சிட்டன. மேற்கூறிய ஒழுங்கு ஓர் அமைப்பின் பெயரிலேயே பொறிக்கப்பட்டிருப்பதை இங்குக் காண்கிறோம்.

5. எண்ணம்

மொழி எண்ணத்தை முழுவதும் கட்டுப்படுத்துகிறது என்ற வலிய கொள்கையை இன்று ஏற்பவர் சிலரே. டான் ஸ்லோபின் முன்வைத்த 'பேசுவதற்கான சிந்தனை' என்னும் கருத்து நமக்குப் பயன்படும். பேசத் தொடங்கும்போது ஒவ்வொரு மொழியும் சில செய்திகளைக் கட்டாயம் கேட்கின்றது. பேசுவோர் அவற்றை எண்ணிப்பார்த்தே ஆகவேண்டும் என்பது அதன் சாரம். தமிழில் 'வந்' என்று தொடங்கியவர் ஆனா, பெண்ணா, மதிப்புக்குரியவரா என்பதை முடிவு செய்தாக வேண்டும். 'வந்நு' என்னும் மலையாள வினை அதனைக் கேட்பதில்லை. 'நாம்', 'நாங்கள்' என்ற வேறுபாட்டையோ இரு மொழிகளும் கேட்கின்றன. எனவே இங்கே இரு உலகப் பார்வைகள் மோதவில்லை. கேட்கப்படும் கேள்விகளில் சில மட்டுமே வேறுபடுகின்றன.

எண்ணத்தைக் குறிக்கும் சொல்லே தடுமாற்றம் தருவது இன்னொரு நிலை. மலையாளத்தில் 'விசாரிச்சு' என்றால் நினைத்தேன் அல்லது நினைத்தார் என்று பொருள். தமிழில் 'விசாரிச்சேன்' என்றால் வினவி அறிந்தேன் என்பதாகும். எல்லையோரத் தமிழர் ஒருவர் "அவர் வருவார்னு விசாரிச்சேன்" என்றால், அவர் மனத்துள் நினைத்ததைக் கூறுகிறாரா, பிறரிடம் கேட்டறிந்ததைக் கூறுகிறாரா? வாக்குமூலம் ஒன்றில் இவ்வேறுபாடு சிறியதன்று. முன்னது கருத்து, பின்னது செயல். விகுதி தமிழாயிருத்தலின் பொருளும் தமிழே என்று மொழிபெயர்ப்பாளர் கொண்டுவிடும் இடர்ப்பாடு இங்குள்ளது.

6. கனவு

தமிழிலும் மலையாளத்திலும் கனவு 'காணப்படுவது'. தமிழின் 'கனவு' மலையாளத்தின் 'கினாவு'. வடமொழிச் சொல்லாகிய 'ஸ்வப்ன'மும் அங்கு வழங்குகின்றது. காணப்படுவதற்கு மொழி உண்டா என்னும் வினா எழலாம். கனவில் பேச்சும் நிகழ்கின்றது. கனவில் கேட்கும் பேச்சு விழிப்பில் கேட்டதும் பேசியதுமான பேச்சின் துணுக்குகளால் ஆனது என்று பிராய்டு 1900இல் வெளிவந்த தம் நூலில் கருதினார். இக்கருத்தை ஏற்றால், கனவின் மொழி கனவு காண்பவரின் 'உண்மை மொழி'யைக் காட்டுவதைவிட, கனவில் தோன்றுபவரோடு அவர் விழிப்பில் பேசும் மொழியையே காட்டும் என எதிர்பார்க்கலாம். பாட்டி தமிழில் பேசுவார். அலுவலர் மலையாளத்தில் பேசுவார்.

மேலும் கனவு நமக்குக் கிடைப்பது கூற்றாக மட்டுமே. கூற்றின் மொழி கேட்பவரைப் பொறுத்து மாறும். ஒருவர் மலையாளத்தில் கூறுகிறார் எனக் கொள்வோம்:

(4) ஆரோ வந்நு, எந்நெ விளிச்சு.

இதனைத் தமிழில் கூற முற்பட்டால் 'யாரோ வந்தான்', 'வந்தாள்', 'வந்தார்', 'வந்தது' என்பனவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். கனவில் முகமின்றி நின்ற உருவத்துக்குத் தமிழ் வினைமுற்று பாலும் மதிப்பும் வழங்கிவிடுகின்றது. கனவு காணும்போது இல்லாத முடிவு, சொல்லும்போது எடுக்கப்படுகின்றது. 'விளிச்சு' என்னும் வினையிலும் சிக்கல் உண்டு. மலையாளத்தில் அது அழைத்தலைக் குறிக்கும். ழகரம் ளகரமாக ஒலிக்கும் தமிழில், 'முழித்தேன்' என்னாது 'விழித்தேன்' என்ற வடிவத்தைப் பேணுவோர் வாயில் 'விளிச்சேன்' என்பது துயில் நீங்கினேன் என்றும் பொருள்படும். "அம்மா விளிச்சா, நான் விளிச்சேன்" என்பதில் முதல் வினை அழைத்தல், அடுத்தது விழித்தல்.

உறக்கம் பற்றிய சொல்லும் அத்தகையது. மலையாளத்தின் அன்றாடச் சொல்லாகிய 'உறக்கம்' தமிழில் பெரிதும் எழுத்து வழக்கு. தமிழின் அன்றாடச் சொல்லாகிய 'தூக்கம்' மலையாளத்தில் எடையைக் குறிக்கும். "தூக்கம் கொறஞ்சு போச்சு" என்று நோயாளி ஒருவர் மலையாளம் மட்டுமே அறிந்த மருத்துவரிடம் சொன்னால், உடல் எடை குறைந்ததாக அவர் குறித்துக்கொள்ளக்கூடும். உறக்கமின்மைக்கு மருந்து தேடி வந்தவர் எடையிழப்புக்கான சோதனைக்கு அனுப்பப்படலாம். இரு மொழிகளும் நெருங்கியவை, மொழிபெயர்ப்பு வேண்டா என்னும் எண்ணமே இவ்விடத்தில் தீங்காகின்றது.

7. மொழிபெயர்ப்பாளர் கருத வேண்டியவை

1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிகள் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுடன் மடல் தொடர்பு கொள்ளவும் அம்மொழியிலேயே விடை பெறவும் இடம் தருகின்றது. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறுவதற்கான வசதி அரசியலமைப்பின் 350அ பிரிவில் கூறப்பட்டுள்ளது. இவ்வுரிமைகள் நடைமுறையில் பயன் தருவது பெருமளவு மொழிபெயர்ப்பின் தரத்தைச் சார்ந்தது. 'அவசரம்' மலையாளத்தில் வாய்ப்பு, தமிழில் விரைவு. 'சம்சாரம்' மலையாளத்தில் பேச்சு, தமிழில் மனைவி. 'வெள்ளம்' மலையாளத்தில் நீர், தமிழில் பெருக்கு. "வெள்ளம் வருது" என்னும் தொடர் குழாயில் நீர் வருவதைக் குறிக்கிறதா, ஓட விடுக்கும் எச்சரிக்கையா என்பது பேசுபவரின் ஊரையும் கேட்பவரையும் அறியாமல் துணியத்தக்கதன்று.

இவற்றை நோக்க மூன்று நெறிகள் பயன்தரும். முதலாவது, எல்லையோரப் பேச்சில் விகுதியின் மொழியைக் கொண்டு சொல்லின் பொருளைத் துணியலாகாது. இரண்டாவது, பால் குறிக்கப்படாத மலையாள வினையைத் தமிழாக்கும்போது கூறியவரிடமே கேட்டறிதல் வேண்டும். இயலாதபோது 'ஒருவர்', 'உருவம்' போன்ற பொதுச்சொல் கொண்டு அமைத்தல் நலம். மூன்றாவது, வாக்குமூலம், நோய்க்கூற்று ஆகியவற்றில் பேசியவரின் சொல்லை அவ்வாறே குறித்துவைத்து, அதன்பின் பொருளெழுதுதல் வேண்டும்.

8. முடிவுரை

செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பகுதிகளின் சொற்களைத் தொல்காப்பியம் திசைச்சொல் என வகைப்படுத்தித் தமிழ்ச் செய்யுளுக்குரிய சொற்களுள் ஒன்றாகவே ஏற்றுக்கொண்டது, பிழையெனத் தள்ளவில்லை. அவ்வகையில் பாலக்காட்டுத் தமிழரின் 'ஓர்மை'யும் மூணாற்றுத் தமிழரின் 'ஒருமை'யும் பிழைகள் அல்ல. சொற்களைத் தாராளமாகப் பெற்றுக்கொண்டு, உறவைக் காட்டும் விகுதிகளை விடாது காத்தல் இம்மக்கள் மேற்கொண்ட மொழித்திட்டம் எனலாம். அதனை எந்த நிறுவனமும் வகுத்தளிக்கவில்லை.

ஆகவே "எந்த மொழியில் கனவு காண்கிறீர்கள்?" என்னும் வினாவை விடுத்து, "கனவில் யார் வந்தார்? அவரோடு எம்மொழியில் பேசுவீர்கள்?" என்று வினவுதல் தகும். முன்னதற்குத் தயங்கியவர் பின்னதற்கு எளிதில் விடை கூறக்கூடும்.