தூரதிருஷ்டிக் கண்ணாடியின் வாரும் மூடியும்

பறவைகளை அவை வாழுமிடத்திற்கே சென்று கண்டறியும் வழக்கம் மாணவரிடையே பரவி வருகின்றது. இதற்கு இன்றியமையாத கருவி பைனாகுலர் என்று வழங்கும் இருகுழல் தூரதிருஷ்டிக் கண்ணாடியாகும். அதனை வாங்கப் புகுவோர் எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டும், எந்நாட்டில் செய்தது, விலை யாது என்று பலரிடத்தும் உசாவுவர். அதனுடன் பெட்டிக்குள் வரும் வாரையும் மூடிகளையும் பற்றி ஒரு சொல்லும் கேளார். ஆயினும், கண்ணாடி வேண்டிய கணத்தில் கைக்கு எட்டுவதும், பல்லாண்டு கழிந்தும் தெளிவு குன்றாதிருப்பதும் பெரும்பாலும் இவ்விரு சிறு பொருள்களையே பொறுத்தனவாம். ஆதலின் இவற்றைச் சிறிது விரித்துரைக்கக் கருதினோம்.

முதற்கண் எடையை நோக்குவோம். பறவை நோக்குவோர் மிகுதியாகக் கையாள்வது 8×42 என்னும் அளவினது. முன்னுள்ள எண் உருப்பெருக்கம். பின்னுள்ளது பொருளருகு வில்லையின் விட்டம், மில்லிமீட்டர்க் கணக்கில். இத்தகைய கண்ணாடி ஏறத்தாழ 600 முதல் 800 கிராம் வரை நிறையுடையது. கடையில் கையிலெடுத்துப் பார்க்குங்கால் இஃது ஒரு சுமையாகத் தோன்றாது. விடியற்காலை தொடங்கி உச்சிவேளை வரை கழுத்தில் தொங்கவிட்டு ஏரிக்கரையில் நடந்தவரே அதன் பாரத்தை அறிவர். எடை ஒன்றேயாயினும், அதனைத் தாங்கும் பரப்புக் குறுகக் குறுக அழுத்தம் மிகும் என்பது பௌதிகம் பயிலும் மாணவர்க்குப் புதிதன்று. 2 சென்டிமீட்டர் அகலமுள்ள நாடாவிற்கு மாறாக 5 சென்டிமீட்டர் அகலமுள்ள வாரைப் பூண்டால், அதே பாரம் இரண்டரை மடங்கு பரப்பில் பரவி நிற்கும். கழுத்து நொந்தவன் கண்ணாடியைக் கழற்றிப் பையிலிடுவான். அவன் அன்று காணாது விடும் பறவைகள் எத்தனையோ!

அகலத்தினும் நீளமே பெரிதும் கவனிக்கத்தக்கது. வேடந்தாங்கலில் கூடுகட்டி வாழும் நாரைகளும் கூழைக்கடாக்களும் நாள் முழுதும் மரத்திலிருந்து காட்சி தருவன, அங்கே விரையவேண்டுவதில்லை. பழனிமலையின் சோலைக்காட்டில் நிலைமை வேறு. இலைகளினூடே ஒரு சிறு குருவி தோன்றி, நாம் இருமுறை மூச்சுவிடுமுன் மறைந்துவிடும். அங்கே கண்ணாடி தொப்புளருகே தொங்கினால் அதனைப் பற்றி உயர்த்துவதற்குள் கிளை வெறுங்கிளையாகிவிடும். வாரைக் குறுக்கி, கண்ணாடி நெஞ்செலும்பின்மேல் படிந்து நிற்குமாறு அமைத்தல் வேண்டும். தலையில் தொப்பியிருக்கும்போதே கழற்றவும் மாட்டவும் இயலவேண்டும். அவ்வளவு நீளம் போதும்.

நெடிய வாரில் இன்னுமொரு கேடு உண்டு. அடிதோறும் கண்ணாடி ஊசலாடும். குனிந்தால் பாறையில் மோதும். பஸ்ஸிலிருந்து இறங்குகையில் கம்பியில் இடிபடும். இது மேலுறையில் வடுவுண்டாக்குவதோடு நிற்பதன்று. குழல்களுள் பட்டகங்கள் அமைந்துள்ளன. தலைகீழாக விழும் பிம்பத்தை அவையே நிமிர்த்தித் தருகின்றன. இத்தாலியரான இக்னாசியோ போர்ரோ 1854-ஆம் ஆண்டில் இவ்வமைப்பிற்குக் காப்புரிமை பெற்றார். 1894-இல் ஸைஸ் கம்பெனியார் இதனைக் கொண்ட இருகுழற் கண்ணாடிகளை விற்கத் தொடங்கினர். இப்பட்டகங்களுள் ஒன்று மயிரிழையளவு பிறழ்ந்தாலும் இரு குழல்களும் வெவ்வேறு திசை நோக்கும். பிறழ்ச்சி மிகுந்தால் பறவை இரண்டாகத் தோன்றும். அப்போது பழுது யாவர்க்கும் விளங்கும். சிறிதாயினோ கண்கள் தாமே வருந்தி இரு பிம்பங்களையும் ஒன்றாக்கிக்கொள்ளும். அரைமணி நேரத்தில் தலைவலி வந்துவிடும். இளமாணவன் தன் கண்ணே குறையுடையதென்று எண்ணிப் பறவை பார்ப்பதையே கைவிடவுங் கூடும். இதனைச் செப்பஞ்செய்யத் தனிக்கருவியும் கைதேர்ந்தவரும் வேண்டும். மலிந்த கண்ணாடியாயின் கூலியே அதன் விலையைத் தாண்டிவிடும்.

நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பரால் ஆன நெகிழும் வார்கள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. அவை பாரத்தைக் குறைப்பனவல்ல. குறைந்தது போன்ற உணர்ச்சியையே தருவன. சிறிது நெகிழ்ச்சி நன்று. மிகவும் நெகிழ்வதாயின் நடக்குந்தோறும் கண்ணாடி துள்ளி மார்பில் அடிக்கும். முதுகில் குறுக்காகச் சென்று இரு தோள்களிலும் பாரத்தை ஏற்றும் தோள்வார் கழுத்துநோவு உள்ளவர்க்கு உண்மையாகவே நன்மை தருவது. ஆயினும் நம் நாட்டு வெயிலில் அதன்கீழ் வியர்வை பெருகும்; அருகிலுள்ள நண்பர் "ஒருகணம் கொடும்" என்று கேட்டால் எளிதிற் கழற்றித் தரவும் இயலாது. கூட்டமாகச் செல்லும் மாணவர்க்கு அகன்ற கழுத்துவாரே தக்கதென்பது நம் கருத்து. கைப்பொருள் குறைந்தவர் அகன்ற பருத்தி நாடாவைக் கொண்டு செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் அவர் உறுதியாகத் தைத்துத் தருவார்.

எவ்வகை வாராயினும், கொக்கியில் கோக்கும் முறையைக் கருத்தாகச் செய்தல் வேண்டும். வாரின் நுனியைக் கண்ணாடியின் காதினுள் நுழைத்துத் திருப்பி, கொக்கியின் வழியே செலுத்தி, எஞ்சிய நுனி வாருக்கும் கொக்கிக்கும் இடையே அகப்பட்டுக் கிடக்குமாறு இறுக்குக. நுனியை வெளியே தொங்கவிட்டால் பாரத்தால் அது சிறிது சிறிதாக நழுவி ஒருநாள் முற்றும் விடுபடும். கோத்தபின் கண்ணாடியை மெத்தைக்கு மேலாகப் பிடித்து வலிந்து இழுத்துப் பார்த்தல் நலம். வியர்வையின் உப்பு தையலை அரிக்குமாதலின் வாரை அவ்வப்போது நன்னீரில் அலசி நிழலில் உலர்த்துக.

இனி மூடிகள். கழுத்தில் தொங்கும்போது பொருளருகு வில்லைகள் நிலத்தை நோக்கியும் கண்ணருகு வில்லைகள் வானத்தை நோக்கியும் இருக்கும். மழைத்துளியும் புழுதியும் விழுவது பின்னவற்றின்மேலேயே. கட்டுச்சோற்றை உண்ணும்போது சிந்தும் பருக்கையும் அவ்வாறே. ஆதலின் கண்பக்கத்து மூடியே முதன்மையானது. இரு வில்லைகளையும் ஒருங்கே மூடும் இதனை வாரின் இருபுறமும் கோப்பார் பலர். இடப்பக்கத்தில் மட்டும் கோத்தால், கட்டைவிரலால் தள்ளியவுடன் ஒருபுறம் சரிந்து தொங்கும், முகத்தில் இடறாது. இறுகப் பொருந்தும் மூடியை நல்லதென்று கருதற்க. அதனைப் பிடுங்குதற்கு இரு கையும் வேண்டும். தளர்ந்து அமர்வதே நன்று.

பொருளருகு வில்லைகளின் மூடிகளைப் பற்றி அவ்வளவு சொல்லவேண்டுவதில்லை. நடக்கையில் அவை புதரில் சிக்கி உதிரும், காற்றில் படபடக்கும். பிரயாணத்திலும் கடற்கரை மணலிலும் அவை பயன்படும். மற்றைப்போது வீட்டில் இருக்கலாம்.

மூடி காக்கும் பொருள் கண்ணாடி மட்டுமன்று. வில்லையின்மேல் ஒளி சிதறாது புகும்பொருட்டு மிக மெல்லிய பூச்சு ஏற்றப்பட்டுள்ளது. 1935-இல் அலெக்சாந்தர் ஸ்மாகுலா என்னும் அறிஞர் ஸைஸ் கம்பெனியில் கண்டறிந்த உத்தி இது. மணல் துகள் படிந்த வில்லையை மேல்வேட்டியின் நுனியால் துடைத்தால் அப்பூச்சில் கீறல் விழும். முதலில் ஊதுக, பின்னர் மெல்லிய தூரிகையால் தட்டுக, துகள் நீங்கிய பின்னரே மென்துணியால் துடைக்கலாம்.

மூடியே தீங்காகும் காலமும் உண்டு. ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்த கண்ணாடியை அப்படியே மூடி உறையிலிட்டால் உள்ளே ஈரம் தேங்கிப் பூஞ்சை முளைக்கும். சிலந்திநூல் போலப் படரும் அது அமிலத்தை உமிழ்ந்து பூச்சையும் கண்ணாடியையும் அரித்துவிடும். அவ்வடு பின்னர் எத்துடைப்பிற்கும் நீங்காது. வீடு திரும்பியதும் மூடிகளையெல்லாம் கழற்றி, காற்றோட்டமுள்ள நிழலில் ஓரிரவு உலரவிடுக. அடுத்த நாள் இறுக மூடும் டப்பாவில், மருந்துப் புட்டிகளோடு வரும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சிலவற்றை இட்டு, அதனுள் கண்ணாடியை வைத்தல் வேண்டும். மழைக்காலத்தில் பொட்டலங்களை மாதந்தோறும் மாற்றுக. தோலுறை ஈரத்தை விடாது பற்றிக்கொள்ளுமாதலின் அதனை டப்பாவிற்கு வெளியே வைக்கவும்.