உல்லாசக் கப்பலும் ஊரார் லாபமும்

உல்லாசக் கப்பல் வியாபாரம் உலகெங்கும் பெருகி வருகிறது. 2019-ஆம் வருஷத்தில் ஏறக்குறைய 3 கோடி பேர் பிரயாணம் செய்தனர். இடையே கொரோனா முடக்கியும், 2023-இல் அத்தொகை 3 கோடியே 17 லட்சமாயிற்று. 2022 ஜூனில் சென்னையினின்று அத்தகைய கப்பலொன்று புறப்பட்டது. சூதாட்டம் நுழையுமென்ற ஆட்சேபம் எழவே, புதுவை அரசாங்கம் அப்போது அனுமதி தரவில்லை.

சூதாட்டம் ஒருபுறமிருக்க, விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இதனால் யாது பயன்? புதுவைக்குச் சாலைவழிச் செல்வோர் திண்டிவனத்தில் உண்பர். ரயிலில் வருவோர் விழுப்புரத்தில் வண்டி மாறுவர். அவர்தம் காசு நம் கடைக்காரரைச் சேரும். கப்பலிற் செல்வோர்க்கோ ஊணும் உறக்கமும் கேளிக்கையும் கப்பலுள்ளேயே; மரக்காணக் கரைக்கு எட்டுவது புகை மாத்திரமே. அக்கப்பல்களிற் பல பஹாமாஸ், பனாமாக் கொடிகளின் கீழ் ஓடுவன.

1906-இல் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டது, கடலின் லாபம் அந்நியர்க்கே போகலாகாதென்றன்றோ? துறைமுகம் திறந்துவிடுவோர் நிபந்தனையும் விதிக்கட்டும்: கப்பலுக்கு வேண்டும் அரிசியும் காய்கறியும் நம் ஜில்லாக்களில் வாங்கப்படுக, நம் வாலிபர் வேலையில் அமர்த்தப்படுக. இன்றேல் வேடிக்கை நமக்கு, வரும்படி பிறர்க்கு!