எது மீண்டும் துளிர்க்கும்? கலப்பிரிவு பற்றி ஒரு விளக்கம்

இடம்பெயர்ந்த குடும்பம் தன் வளவுக்குத் திரும்பி வந்ததும் முதலில் கிணற்றை எட்டிப் பார்க்கும். அடுத்துத் தென்னையை அண்ணாந்து பார்க்கும். 1990இன் பின்னரும், 2004 மார்கழி 26ஆம் திகதிக் கடற்கோளின் பின்னரும் கல்முனைக் கரையோரத்தில் இதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அப்போதெல்லாம் எம்மிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான்: "பாதர், இந்த மரம் இனித் தப்புமா, தறிச்சிப் போடுவமா?"

இதற்கு விடை சொல்ல, உயிர்கள் எப்படி வளர்கின்றன என்பதைச் சற்று உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

மரமும் மாடும் மனிதரும் கண்ணுக்குத் தெரியாத கலங்களால் ஆனவர்கள். ஒரு கலம் இரண்டாகப் பிரிவதே வளர்ச்சிக்கும் காயம் ஆறுவதற்கும் அடிப்படை. கலத்தின் கருவுக்குள் நூல்போன்ற நிறமூர்த்தங்கள் இருக்கின்றன. நெல்லுக்கு 24, தென்னைக்கு 32, மனிதருக்கு 46, மாட்டுக்கு 60. (தொகை கூடினால் அறிவும் கூடும் என்று எண்ணிவிட வேண்டாம், கோழிக்கு 78!) எப்படி வளர வேண்டும் என்ற கட்டளை இவற்றில்தான் அடங்கியிருக்கிறது.

கலம் பிரியுமுன் ஒவ்வொரு நூலும் தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்கிக்கொள்கிறது. பின்பு, கலைந்து கிடக்கும் நூலை மருதமுனை நெசவாளர் சுற்றி ஒழுங்காக்குவதுபோல, அவை சுருண்டு தடிக்கின்றன. சிக்கலோடு இழுத்தால் நூல் அறுந்துவிடுமல்லவா? அதன்பின் சோடி சோடியாகக் கலத்தின் நடுவே வரிசையில் நின்று, சோடிக்கு ஒன்றாக இரு முனைகளுக்கும் இழுக்கப்படுகின்றன. நெல்லின் கலமாயின் அங்கும் 24, இங்கும் 24. 1882இல் ஜேர்மனிய அறிஞர் வால்தர் பிளெமிங் இதற்கு, நூல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரிட்டார். நமது பாடநூல்களில் இது இழையுருப்பிரிவு.

இதுவரை தாவரத்துக்கும் விலங்குக்கும் பெரிய வேறுபாடில்லை. முடிவில்தான் வழி பிரிகிறது. விலங்கின் கலத்துக்குச் சுவர் இல்லை. நடுவில் கயிறு கட்டி இறுக்கிய சாக்குப்போல ஒடுங்கி இரண்டாகிறது. தாவரக் கலத்துக்கோ விறைப்பான சுவர் உண்டு, ஒடுங்க முடியாது. ஆகவே நடுவில் ஒரு தட்டு தோன்றி, வெளிநோக்கி வளர்ந்து, பழைய சுவரைத் தொட்டுப் புதுச் சுவராகிறது.

நமது தோலில் இப்பிரிவு எங்கும் நடக்கிறது. அதனால் காயம் ஆறுகிறது. தாவரத்தில் அப்படியல்ல. முதிர்ந்த கலங்கள் பெரும்பாலும் பிரிவதில்லை. படைத்தவன் அந்த வேலையைச் சில இடங்களுக்கே ஒதுக்கியிருக்கிறான்: தண்டின் நுனி, வேரின் நுனி, அரும்புகள், மா, வேம்பு போன்ற மரங்களில் பட்டைக்கு உட்புறமுள்ள மெல்லிய படை. இவ்விடங்களைப் பிரியிழையம் என்பர்.

தென்னைக்கு மேலே ஒரே ஒரு வளரும் நுனிதான், குருத்தின் அடியில். மாமரத்திலுள்ள அந்த மெல்லிய படை அதற்குக் கிடையாது. எனவே செல் துண்டு துளைத்த ஓட்டையும், ஏறுவதற்கு வெட்டிய படியும் மரம் உள்ளவரை மூடாது. மூடாவிட்டாலும் குருத்து உயிரோடிருந்தால் மரம் காய்க்கும். தலை அறுந்த தென்னையோ பனையோ எத்தனை மாரி பெய்தாலும் துளிராது. வீட்டு வேலைக்கு மரமாகட்டும். கடல்நீர் புகுந்த வளவில் ஓலை மஞ்சளித்ததைக் கண்டு அவசரப்பட்டுத் தறித்தவர்கள் உண்டு. அது வீண் நட்டம். தென்னை உப்பை ஓரளவு தாங்கும் மரம். நடுக்குருத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு கழன்று, அடி அழுகி நாறினால் நம்பிக்கை இல்லை. இறுகி நின்றால் பொறுத்திருங்கள்.

மாமரத்தில் பட்டை சிதைந்தாலும் ஓரங்களிலிருந்து காயம் மெல்ல மூடிக்கொள்ளும். ஒட்டு மாங்கன்று ஒட்டுவதும் அந்தப் படையினால்தான். தென்னையை ஒட்ட முடியாததன் காரணமும் இதுவே.

வாழையின் உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கிறது. மேலே நாம் வெட்டுவது மடல்களின் சுருள் மட்டுமே. அதனால் குட்டி வரும். கோழிக்கூடு, கப்பல் முதலிய இனங்களில் நிறமூர்த்தங்கள் 33, அதாவது 11 வீதம் மூன்று தொகுதி. விதை உண்டாக வேறொரு பிரிவு வேண்டும்; அதில் தொகை பாதியாக வேண்டும். மூன்று தொகுதியைச் சரிபாதியாகப் பங்கிட முடியாதே! இழையுருப்பிரிவுக்கு இத்தடை இல்லை. ஆகவே குட்டி தாயின் அதே அச்சு. தாயின் நல்ல குணம் மட்டுமன்றி, நோய்க்கு இடங்கொடுக்கும் குணமும் அப்படியே வரும். கைவிடப்பட்ட வளவில் கிடைத்த குட்டியையெல்லாம் பிடுங்கி நடாமல், நோயற்ற புதரைத் தேடுங்கள்.

நெல்லின் வளரும் நுனி இளமையில் தரையோடு ஒட்டி இருக்கிறது. கரைவாகு வட்டையில் இரவோடு மாடு புகுந்து வேளாண்மையைக் கடித்துவிட்டால், உடனே அழித்து உழ வேண்டாம். மூன்றரை மாத நெல்லாயின் ஏறக்குறைய 40 நாள்வரை நுனி மாட்டின் வாய்க்கு எட்டாது. தண்ணீர் கட்டி ஒரு கிழமை பாருங்கள், தாள் மீண்டும் நீளும். அதன்பின் அந்த நுனியே கதிராக மாறி மேலெழத் தொடங்கிவிடும். குடலைப் பருவத்தில் கடிபட்ட தாளுக்கு அந்தப் போகத்தில் கதிர் இல்லை.