வறண்ட காலநிலை

வறண்ட காலநிலை என்பது, ஓரிடத்தில் ஓராண்டில் பெய்யும் மழையைக் காட்டிலும், ஆவியாதலாலும் தாவரங்களின் நீராவிப்போக்காலும் அங்கிருந்து வெளியேறக்கூடிய நீரின் அளவு மிகுந்திருக்கும் காலநிலை ஆகும். பாலைவனங்களும் அவற்றைச் சூழ்ந்த குறும்புல்வெளிகளும் இதில் அடங்கும். ஓரளவு ஈரமுள்ள விளிம்புப் பகுதிகளையும் சேர்த்தால், உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 41 விழுக்காடு வறண்ட நிலமாகும்.

வரையறை

மழையின் அளவை மட்டும் கொண்டு வறட்சியை வரையறுக்க இயலாது. இலண்டனில் ஆண்டுக்குச் சுமார் 600 மி.மீ மழை பெய்கிறது. ஆந்திரப் பிரதேசத்தின் அனந்தபூரில் சுமார் 550 மி.மீ. எண்ணளவில் பெரிய வேறுபாடு இல்லை. ஆயினும் முன்னது ஈரமான ஊர், பின்னது அடிக்கடி பஞ்சம் கண்ட ஊர். வெப்பமே இவ்வேறுபாட்டிற்குக் காரணம்.

உருசியாவில் பிறந்த செருமானிய அறிவியலாளர் விளாதிமிர் கோப்பென் (1846-1940) உருவாக்கிய காலநிலை வகைப்பாடு இதற்கு எளிய கணக்கொன்றைத் தருகிறது. இன்று வழங்கும் வடிவில் அது பின்வருமாறு: ஆண்டுச் சராசரி வெப்பநிலையை (பாகை செல்சியசு) 20 ஆல் பெருக்க வேண்டும். ஆண்டு மழையில் 70 விழுக்காடோ அதற்கு மேலோ வெப்பமான ஆறு மாதங்களில் பெய்தால் 280 கூட்ட வேண்டும். 30 முதல் 70 விழுக்காடு எனில் 140. அதனினும் குறைவெனில் எதுவும் கூட்ட வேண்டியதில்லை. கோடையில் பெய்யும் மழை விரைவில் ஆவியாகிவிடும் என்பதே இக்கூட்டலின் பொருள். கிடைக்கும் எண் மி.மீ அளவில் வறட்சியின் எல்லை ஆகும். மழை இவ்வெல்லையின் பாதியை எட்டாவிட்டால் அது பாலைவனக் காலநிலை. பாதிக்கும் முழுமைக்கும் இடைப்பட்டால் பகுதி வறண்ட காலநிலை.

இராசசுத்தானின் செய்சால்மரில் சராசரி வெப்பநிலை சுமார் 27 பாகை, மழை சுமார் 200 மி.மீ, அதில் பெரும்பகுதி தென்மேற்குப் பருவக்காற்றால் கிடைப்பது. எல்லை 820, அதன் பாதி 410. எனவே செய்சால்மர் ஐயமின்றிப் பாலைவனம். சுமார் 28 பாகை கொண்ட அனந்தபூர் பகுதி வறண்டது. சுமார் 11 பாகையே கொண்ட இலண்டனுக்கு எல்லை 360 தான். ஆகவே அது வறண்ட வகையில் சேராது.

சராசரி வெப்பநிலை 18 பாகைக்கு மேற்பட்டால் வெப்ப வகை என்றும், குறைந்தால் குளிர் வகை என்றும் மேலும் பிரிப்பர். அந்தாட்டிக்காவின் உட்பகுதியைப் பாலைவனம் என்று கூறும் வழக்கம் உண்டெனினும், கோப்பென் முறையில் அது துருவக் காலநிலையிலேயே அடங்கும்.

பரவல்

நிலநடுக்கோட்டருகே மேலெழும் காற்று தன் ஈரத்தை மழையாக இழந்து, இரு அரைக்கோளங்களிலும் 30 பாகை அட்சரேகையை ஒட்டிக் கீழிறங்குகிறது. இறங்கும் காற்று வெப்பமடைவதால் மேகங்கள் உருவாவதில்லை. சகாரா, அரேபியப் பாலைவனம், ஆத்திரேலியாவின் உட்பகுதி ஆகியன இவ்வாறு தோன்றியவை. கோபி, தக்கிலமாக்கான் ஆகியவை கடலிலிருந்து வெகுதொலைவில், மலைகளால் மறிக்கப்பட்டுக் கிடக்கின்றன. அனந்தபூரின் வறட்சிக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவு ஒரு முக்கியக் காரணம்.

கடலோரப் பாலைவனங்களே வியப்பிற்குரியவை. சிலியின் அரிக்கா நகரம் கடற்கரையில் இருந்தும் ஆண்டுச் சராசரி மழை 1 மி.மீ-க்கும் குறைவு. அம்போல்ட்டு குளிர் நீரோட்டம் அடிக்காற்றைக் குளிர்விப்பதால் மூடுபனி படர்கிறது, மழை பெய்வதில்லை. நமீபுப் பாலைவனத்தில் பெங்குவேலா நீரோட்டம் இதையே செய்கிறது.

வறட்சிக் குறியெண்

மழையை, ஆவியாகக்கூடிய நீரளவால் வகுத்துப் பெறுவது வறட்சிக் குறியெண் ஆகும். பாலைவனமாதலை எதிர்க்கும் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை (1994), துருவம் சார்ந்த பகுதிகள் நீங்கலாக, 0.05 முதல் 0.65 வரையுள்ள நிலங்களைத் தன் வரையறைக்குள் கொண்டது. சகாராவின் நடுப்பகுதி போன்ற மிகை வறள் நிலங்கள் இதில் இல்லை; அவை ஏற்கெனவே பாலைவனங்கள். பயிரும் மேய்ச்சலும் நடைபெறும் விளிம்பு நிலங்களே சீரழியும் அபாயத்தில் உள்ளவை என்பதால் இத்தேர்வு பொருத்தமானதே.

புவி வெப்பமடையும்போது மழை குறையாவிடினும் இக்குறியெண் குறையும். எனினும், காற்றில் கரியமில வாயு மிகும்போது இலைத்துளைகள் குறுகித் தாவரங்கள் நீரைச் சிக்கனமாகச் செலவிடுவதால், இக்குறியெண் வறட்சியை மிகைப்படுத்துகிறது என்று வாதிடும் ஆய்வாளர்களும் உள்ளனர்.